மேளம் 2

2017 ஆவணி. கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஒரு கல்யாணம். முகூர்த்தம் முடிந்து, நாதஸ்வரத்தையும் தவிலையும் உறையில் போட்டுக்கொண்டிருந்தோம். மீதிப் பணத்தைக் கொடுத்து அனுப்புவதற்காகப் பெண்ணின் தாய்மாமன் மண்டபம் முழுக்க எங்களைத் தேடியிருக்கிறார். நான் அவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு இரண்டடி தள்ளித்தான் நிற்கிறேன். போனை எடுத்து அடித்தார். என் சட்டைப் பையில் மணி அடித்தது. இரண்டு பேரும் ஒரே நேரத்தில் திரும்பினோம். அவர் கையிலிருந்த திரையில் என் நம்பர் ‘மேளம் 2’ என்று இருந்தது.

சிரித்துக்கொண்டே பணத்தை எண்ணி வாங்கினேன். ஆனால் கேட்காமல் இருக்க முடியவில்லை.

“மேளம் 1 யாரு சார்?”

“அவரு பழைய ஆள் தம்பி. அன்னிக்கு வேற கல்யாணம் ஒத்துக்கிட்டேன்னுட்டாரு. அதான் உங்களுக்கு அடிச்சேன்.”

காலை நாலரையிலிருந்து வாசித்திருக்கிறேன். மாப்பிள்ளை மேடைக்கு வரும்போது நாட்டை ராகம், தாலி கட்டி முடிந்ததும் ஆனந்தபைரவி என்று யோசித்து யோசித்து வாசித்தவன். அந்த வீட்டில் என் பெயர் ஒருவருக்கும் தெரியாது என்பது அப்போதுதான் உறைத்தது.

நான் பரம்பரை மேளக்காரக் குடும்பத்துப் பிள்ளை இல்லை. அப்பா நெல்லிக்குப்பம் சர்க்கரை ஆலையில் வேலை பார்த்தவர். திருப்பாதிரிப்புலியூர் பாடலீஸ்வரர் கோயில் வைகாசித் திருவிழாவில், மற்ற பையன்கள் சாமிக்குப் பின்னால் போக, நான் மேளத்துக்கு முன்னால் பின்னோக்கி நடந்துகொண்டே, சாமி புறப்பாட்டுக்கு வாசிக்கும் மல்லாரி கேட்டவன். கடலூரில் உள்ள மாவட்ட அரசு இசைப் பள்ளியில் மூன்று வருடம் படித்தேன். பிறகு ஒரு வித்வானுக்குத் துணை நாதஸ்வரமாக, எங்கள் பேச்சில் துணை நாயனமாக, ஏழு வருடம். சொந்தமாக செட் வைத்த பிறகும் கல்யாணங்கள் எனக்கு நேராக வரவில்லை. சமையல் கான்ட்ராக்டர் சொல்வார், அல்லது பூ அலங்காரக்காரர் சொல்வார். பேசிய தொகையில் அவர்கள் பங்கு போக, ஐந்து பேர் பிரித்துக்கொள்ள வேண்டும். ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணம் கிடையாது. மார்கழியில் விடியற்காலைக் கோயில் வேலை இருக்கும். ஆடியில் அதுவும் குறைவு.

போதாததற்குச் செண்டை மேளம் வந்துவிட்டது. கரைவேட்டி கட்டிய இருபது பேர் வரிசையாக நின்று அடித்தால் வீடியோவுக்கு எடுப்பாக இருக்கும். அவர்களைக் குறை சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. நல்ல வித்தைக்காரர்கள், அவர்களும் பிழைக்கத்தான் வருகிறார்கள். ஆனால் வரவேற்புக்கு அவர்கள், நடனத்துக்கு டிஜே என்று ஆன பிறகு, நாதஸ்வரம் தாலி கட்டும் அரை மணி நேரத்துக்கான சாஸ்திரமாகச் சுருங்கியது. சாஸ்திரத்துக்கு யாராவது ஒருவர் ஊதினால் போதுமே. அங்கே பெயருக்கு என்ன வேலை?

‘பெர்சனல் பிராண்ட்’ என்ற வார்த்தை அப்போது எனக்குத் தெரியாது. போனில் என் பெயரில் என் நம்பர் இருக்க வேண்டும், அவ்வளவுதான் ஆசை.

முதலில் செய்தது விசிட்டிங் கார்டு. ஆயிரம் அட்டை. என் பெயருக்கு முன்னால் ‘நாதஸ்வர இளவரசு’ என்று போடலாம் என அச்சகத்துக்காரரே யோசனை சொன்னார். எனக்கும் குளிர்ந்துவிட்டது. முதல் அட்டையை வாத்தியாரிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். கண்ணாடியைப் போட்டுப் படித்தார்.

“இளவரசுன்னா, ராஜா யாருப்பா? உங்கப்பாவா?”

அதற்கு மேல் ஒன்றும் சொல்லாமல் காப்பி கொடுத்தார். போகும்போதுதான் திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையைப் பற்றிப் பேச்செடுத்தார். நாதஸ்வரச் சக்கரவர்த்தி என்று ஊர் உலகம் அவரைச் சொன்னது. அவர் தோடி வாசித்தால் நேரம் போவது தெரியாது என்று தாத்தாக்கள் இன்றும் சொல்வார்கள். குடுமி வைத்துக்கொண்டு, மேல் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நின்ற ஒரு தொழிலில், அவர் கிராப்பு வெட்டி, ஷெர்வானி போட்டு, மேடையில் உட்கார்ந்து வாசித்தார். கனமான, சுருதி தாழ்ந்த பாரி நாயனத்தைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தார். 1947 ஆகஸ்ட் 14 இரவு, நாடு விடுதலை அடைந்த நேரத்தில் வானொலியில் ஒலித்தது அவருடைய நாதஸ்வரம். “அவர் கிராப்பைத்தான் நாலு பேரு காப்பி அடிச்சான். தோடியை எவனாலும் முடியல” என்றார் வாத்தியார். அந்த ஆயிரம் அட்டையில் முக்கால்வாசி இன்னும் வீட்டில் இருக்கிறது. பின்பக்கம் வெள்ளையாக இருப்பதால் என் மகள் கணக்குப் போடுகிறாள்.

அடுத்த முட்டாள்தனம் கொஞ்சம் லாபமாகத் தெரிந்தது. 2019-இல் ஒரு சினிமாக் காதல் பாட்டை நாதஸ்வரத்தில் வாசித்து, மைத்துனன் போனில் எடுத்து யூடியூபில் போட்டோம். ஒரு வாரத்தில் தீப்பிடித்தமாதிரி ஓடியது. ஆயிரம் சப்ஸ்கிரைபர், ஒரு வருடத்தில் நாலாயிரம் மணி நேரப் பார்வை இருந்தால் விளம்பரப் பணம் வரும் என்று மைத்துனன் கணக்குச் சொன்னான். அதற்குள் ஒரு அறிவிப்பு வந்தது: பாட்டின் உரிமை ஒரு கம்பெனியுடையது, இந்த வீடியோவில் வரும் வருமானம் அவர்களுக்கே. பயந்துபோனேன். இது தண்டனை இல்லை, வீடியோ அப்படியே இருக்கும், காசு மட்டும் மெட்டுக்குச் சொந்தக்காரருக்குப் போகும் என்பது விசாரித்த பிறகுதான் புரிந்தது. நியாயம்தான், மெட்டு என்னுடையது இல்லையே.

புதுச்சேரியில் பாடகர் நண்பர் ஒருவருக்கும் இதே அனுபவம். அவர் பாடியது பாரதி பாட்டு. “பாரதி பாட்டுக்கு யாருய்யா உரிமை கேக்குறது, 1949-லயே அரசாங்கம் வாங்கி, அப்புறம் பொதுவுல விட்டாச்சே” என்று கத்தினார். அவர் சொன்னது சரி. ஆனால் அவர் பாடியது ஒரு படத்தில் வந்த மெட்டில். சொல் பொதுச்சொத்து, மெட்டு இல்லை. சொந்தமாக மெட்டுப் போட்டுப் பாடியிருந்தால் ஒருவரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

காசு போனதைவிட எனக்கு வலித்தது வேறு. அந்த வீடியோவை யாரோ இறக்கி வாட்ஸாப்பில் விட்டார்கள். ஓரத்தில் சின்னதாகப் போட்டிருந்த பெயர் வெட்டுப்பட்டுப் போயிருந்தது. என் சொந்தச் சித்தியே அதை எனக்கு அனுப்பி, ‘யாரோ ஒரு தம்பி எவ்ளோ அழகா வாசிக்குது பாருடா’ என்று எழுதியிருந்தார். முகம் தெரியும்படிதான் எடுத்திருந்தோம். ஆனால் நாதஸ்வரம் ஊதும்போது கன்னம் உப்பினால் யாருக்கும் யாரையும் அடையாளம் தெரியாது.

வந்த சப்ஸ்கிரைபர்களும் என்னைத் தேடி வந்தவர்கள் இல்லை, பாட்டைத் தேடி வந்தவர்கள். அடுத்து ஒரு கரகரப்ரியா போட்டேன். எண்பது பேர் பார்த்தார்கள். ‘ப்ரோ, புதுப் படப் பாட்டு போடுங்க’ என்று கீழே எழுதியிருந்தது.

பிறகு 2020 வந்தது. மார்ச் 25-இலிருந்து ஊரடங்கு. சித்திரை, வைகாசி முகூர்த்தங்கள் எல்லாம் ஒரே வாரத்தில் ரத்து. வாங்கிய அட்வான்ஸைச் சிலர் திருப்பிக் கேட்டார்கள், சிலர் பெருந்தன்மையாக விட்டார்கள். யார் யார் விட்டார்கள் என்பது இன்றும் எனக்கு மனப்பாடம்.

வாசிக்காமல் கிடந்தால், நாதஸ்வரத்தில் வாய் வைத்து ஊதும் சீவாளி வறண்டு கெட்டுப்போகும். கொறுக்கைத் தட்டையில் செய்வது. நாக்கின் ஈரம் பட்டுக்கொண்டே இருந்தால்தான் பேசும். வீட்டுக்குள் ஊதினால் குழந்தை அழும். நாதஸ்வரம் வீட்டுக்குள் வாசிக்கச் செய்த வாத்தியமா என்ன? சாயங்காலம் ஆறு மணிக்கு மொட்டை மாடிக்கு ஏறினேன். முதல் நாள் சும்மா ஒரு கல்யாணி. இறங்கப்போகும்போது எதிர் வீட்டு ஆயா திண்ணையிலிருந்து குரல் கொடுத்தார்.

“தம்பி, கோயிலைப் பூட்டிட்டாங்க. ஓதுவார் பாடுறது காதுல விழாம என்னமோமாதிரி இருக்கு. அதுல ஒண்ணு வாசியேன்.”

எங்கள் ஊருக்கு ஒரு கதை உண்டு. சமணம் விட்டுச் சைவத்துக்கு வந்த அப்பரை, பல்லவ மன்னன் கல்லோடு கட்டிக் கடலில் போடச் சொன்னான். அவர் ‘சொற்றுணை வேதியன்’ என்று தொடங்கும் நமச்சிவாயப் பதிகத்தைப் பாட, கல் தெப்பமாக மிதந்து திருப்பாதிரிப்புலியூர்க் கரையில் சேர்ந்தது. கரையேறவிட்டகுப்பம் என்ற பெயரே அதனால்தான் என்பார்கள். பதிகத்தின் பண், அதாவது தேவார ராகம், காந்தார பஞ்சமம். கேதாரகௌளை என்றால் கச்சேரிக்காரர்களுக்குப் புரியும். பள்ளியில் பக்கத்து வகுப்பில் தேவாரம் நடக்கும்போது ஜன்னல் வழியாகக் காதில் விழுந்ததை வைத்து மறுநாள் வாசித்தேன். ஆயா எழுந்து நின்று கும்பிட்டார். என்னை இல்லை, கோயில் இருக்கும் திசையை.

அதை எதிர் வீட்டுப் பையன் அவன் மாடியிலிருந்து போனில் எடுத்தான். கேட்டபோது திகைத்துப்போனேன். அதுவரை நாங்கள் எடுத்த வீடியோவிலெல்லாம் சத்தம் பிய்ந்து கரகரவென்று இருக்கும். போன் சரியில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தோம். பிழை போனில் இல்லை, போன் இருந்த இடத்தில். நாதஸ்வரத்தின் விரிந்த அடிப்பாகமான அணசுக்கு நேராக மூன்றடியில் போனை வைத்தால் எந்த மைக்கும் தாங்காது. எதிர் மாடி முப்பதடி தள்ளி, கொஞ்சம் பக்கவாட்டில் இருந்தது. காற்றில் கரைந்து வந்த நாதஸ்வரம் எப்படி இருக்க வேண்டுமோ அப்படியே பதிவாகியிருந்தது. நாயனம் வாசிப்பவர்கள் இந்த ஒரு விஷயத்தையாவது எடுத்துக்கொள்ளுங்கள்: பத்தடிக்குக் குறையாமல், நேர் எதிரே இல்லாமல், திறந்த இடத்தில். கோயில் பிராகாரம் கிடைத்தால் அதைவிட நல்ல ஸ்டுடியோ கிடையாது.

தினமும் ஒரு பதிகம் என்று ஆயிற்று. கொல்லி ஒரு நாள், அது நவரோஜ். செந்துருத்தி ஒரு நாள், மத்யமாவதி. புறநீர்மைக்குப் பூபாளம், அதைச் சாயங்காலம் வாசிப்பதா என்று வாத்தியாருக்குப் போன் போட்டுத் திட்டு வாங்கி, விடியற்காலைக்கு மாற்றினேன். தெரியாத பண்ணுக்கு ஓய்வுபெற்ற ஓதுவார் ஒருவர் போனிலேயே பாடிக் காட்டினார். பெயர் வெட்டுப்பட்டுப் போன பாடம் மறக்கவில்லை என்பதால், ஒவ்வொரு வீடியோவின் தொடக்கத்திலும் வாயாலேயே சொன்னேன்: “கடலூர். மணி ஆறு.” அப்புறம் என் பெயர், பண்ணின் பெயர். அதற்குப் பிறகுதான் சீவாளியை வாயில் வைப்பேன். எழுத்தை வெட்டலாம், தொடக்கத்தில் பேசியதை வெட்ட யாரும் மெனக்கெடுவதில்லை.

நாற்பத்தொரு நாள் விடாமல் போட்டேன். பார்த்தவர்கள் எண்ணிக்கை சினிமாப் பாட்டு வீடியோவின் கால் தூசுக்கு வராது. ஆனால் ஒரு வித்தியாசம். அங்கே ஒருவரும் கேட்காத கேள்வியை இங்கே கேட்டார்கள்: ‘இன்னிக்கு ஏன் லேட்டு?’ ஒரு நாள் ஆறே காலுக்குத்தான் ஏறினேன், மழை. மூன்று பேர் விசாரித்தார்கள். அன்றைக்குத்தான் எனக்குக் கொஞ்சம் தைரியம் வந்தது. திருவிழா விட்டால் கூட்டம் கலைந்துவிடும். சாயரட்சைக்குத் தினமும் வருகிற நாலு பேர்தான் கோயிலுக்கு ஆதாரம். ஊரடங்கு தளர்ந்த பிறகு தினமும் முடியவில்லை. வெள்ளிக்கிழமை மட்டும் என்று வைத்துக்கொண்டேன். இன்று வரை வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்கு வேறு வேலை ஒத்துக்கொள்வதில்லை, வரவேற்பாக இருந்தால் ஏழுக்கு வருகிறேன் என்று சொல்லிவிடுவேன்.

பெயர் விஷயத்தில் இன்னும் ஒரு குளறுபடி பாக்கி இருந்தது. என் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால் இது விளம்பரமாகிவிடும். தெருவுக்கு நாலு பேருக்கு இருக்கும் பெயர் என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். 2021-இல் புதுச்சேரி முத்தியால்பேட்டையில் ஒரு சின்ன ஸ்டுடியோவில் நான்கு பதிகங்களைச் சரியாகப் பதிவு செய்தோம். ஸ்பாட்டிஃபை மாதிரி இடங்களுக்கு நாம் நேராக ஏற்ற முடியாது; விநியோகம் செய்யும் ஒரு சேவைக்குப் பணம் கட்டி, அவர்கள் வழியாகத்தான் போக வேண்டும். ஏற்றினோம். வெளியான அன்று பார்த்தால், என் காந்தார பஞ்சமம் வேறொருவர் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறது. அதே பெயர் கொண்ட ஒரு ரீமிக்ஸ் தம்பி. அவருடைய ரசிகர்கள் தேவாரத்தைக் கேட்டு என்ன நினைத்தார்களோ. அவர் பாட்டுகளுக்கு நடுவில் என் பெயரும் தொலைந்தது. தவறான பக்கத்தில் சேர்ந்த பாட்டைப் பிரித்துத் தரச் சொல்லி எழுதி, சரியாக மூன்று வாரம் ஆனது.

இதற்குத் தீர்வு நம் ஆட்களிடமே எப்போதோ இருந்தது. அந்த நாதஸ்வர மேதையைக் காருகுறிச்சி அருணாசலம் என்று ஊரோடு சேர்த்து ஏன் சொன்னார்கள்? அருணாசலம் ஆயிரம் பேர், காருகுறிச்சிக்கு ஒருவர். ஊரைப் பெயரோடு ஒட்டிக்கொண்டேன். திருப்பாதிரிப்புலியூர் என்று போட ஆசை, ஆனால் அதை ஆங்கிலத்தில் எழுதி முடிப்பதற்குள் கேட்பவர் தூங்கிவிடுவார். கடலூர் போதும் என்று முடிவானது. அதோடு என் பெயரை ஆங்கிலத்தில் யூடியூபில் ஒரு மாதிரி, இன்ஸ்டாகிராமில் ஒரு மாதிரி, பேனரில் இன்னொரு மாதிரி எழுதியிருந்தேன். நாதஸ்வரம் என்பதையே மூன்று விதமாக எழுதுகிறார்கள். ஒரே எழுத்து, ஒரே புகைப்படம் என்று எல்லா இடத்திலும் மாற்றினேன். புகைப்படத்தில் வாத்தியத்தைக் கையில் பிடித்திருக்கிறேன், வாயில் இல்லை. காரணம் மேலே சொன்னேன்.

இன்னொன்று: பாட்டு வெளிவருவதற்குக் குறைந்தது ஏழு நாள் முன்பே கலைஞர்களுக்கான இணையப் பக்கத்துக்குப் போய், எந்த மாதிரிப் பாட்டு என்று எழுதிச் சமர்ப்பித்தால்தான் ஸ்பாட்டிஃபையின் பட்டியல் போடுபவர்கள் பார்க்க வாய்ப்பு உண்டு. நான் முதல்முறை வெளியான பிறகுதான் அந்தப் பக்கத்தையே திறந்தேன். காசு என்று பார்த்தால், 2024 முதல் ஒரு பாட்டை ஒரு வருடத்தில் ஆயிரம் முறையாவது கேட்டிருந்தால்தான் கணக்கிலேயே சேர்ப்பார்கள். என் நான்கில் இரண்டு அந்தக் கோட்டைத் தாண்டின. அந்தப் பணத்தில் ஒரு நல்ல சீவாளி வாங்கலாமா என்பதே சந்தேகம். அதை வருமானமாக நினைத்து இறங்கினால் மனம் உடைந்துவிடும். கல்யாண வீட்டுக்காரர் “நீங்க வாசிச்சது ஏதாவது இருக்கா?” என்று கேட்டால் உடனே அனுப்ப ஒரு இணைப்பு இருக்கிறதே, அதற்காகத்தான்.

அப்படி ஒரு இணைப்பைப் பிடித்துக்கொண்டு வந்தவர்கள் பாரிஸிலிருந்து பேசினார்கள். புதுச்சேரி சொல்தா குடும்பம். தாத்தா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர். பேத்திக்குக் கல்யாணம் புதுச்சேரியில். பெண் தமிழ் தட்டுத்தடுமாறிப் பேசினாள், ஆனால் எந்த வெள்ளிக்கிழமை எந்தப் பண் என்று சொன்னாள். வரவேற்பிலும் நாதஸ்வரம் மட்டுமே வேண்டும் என்றார்கள். அதுவரை நான் வாங்கியதைப்போல இரண்டு மடங்கு கேட்டேன், கேட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டேன். மறுபேச்சில்லாமல் ஒத்துக்கொண்டார்கள். அவர்கள் வழியாகத்தான் மறு வருடம் ஜூன் 21 இசைத் திருநாளில் புதுச்சேரித் தெருவில் வாசிக்கக் கூப்பிட்டார்கள். 1982-இல் பிரான்ஸில் ஆரம்பித்த வழக்கம். அன்று தெருமுனையெல்லாம் கச்சேரி, டிக்கெட் கிடையாது, பாடுபவர்களுக்கும் பணம் கிடையாது. எங்களுக்குப் பக்கத்தில் கிடார் வாசிக்கும் இரண்டு பேர். மைக் இல்லாமலே எங்கள் சத்தத்தில் அவர்கள் பாவம் மூழ்கிப்போனார்கள். இடம் மாற்றிக்கொண்டோம். பணம் இல்லாத அந்த ஒரு சாயங்காலத்தில் மூன்று கல்யாணம் பேசி முடிந்தது. எல்லா இலவசமும் இப்படி இல்லை. ‘நல்ல விளம்பரம் கிடைக்கும்’ என்று சொல்லி ஒரு ஹோட்டலில் இரண்டு நாள் வாசலில் நிற்க வைத்தார்கள். விருந்தினர்கள் எங்களைக் குத்துவிளக்கோடு சேர்த்துப் படம் எடுத்துக்கொண்டு போனார்கள். யார் கேட்க வருகிறார்கள் என்பதைப் பார்த்துத்தான் இப்போது இலவசமாக வாசிக்கிறேன்.

கொஞ்சம் பெயர் வந்ததும் எனக்குத் தலைக்கனமும் வந்தது. ஒரு சீசன் முழுக்கச் சினிமாப் பாட்டே வாசிப்பதில்லை என்று அறிவித்தேன். ராஜரத்தினம் பிள்ளை என்ற நினைப்பு. ஏழு கல்யாணம் கைவிட்டுப் போனது. அந்த நேரத்தில்தான் என் தவில்காரர், பண்ருட்டிக்காரர், பதினொரு வருடமாகக் கூட வாசிப்பவர், ஒரு டீக்கடையில் வைத்துக் கேட்டார்.

“அண்ணே, வீடியோவுல ஊரைச் சொல்றீங்க, மணியைச் சொல்றீங்க, உங்க பேரைச் சொல்றீங்க, பண்ணு பேரைச் சொல்றீங்க. தவில் எங்கேருந்து வருது, காத்துலயா?”

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

“பாட்டு வேணாம்னு நீங்க சொன்னா உங்க பேரு நிக்கும். என் வீட்டுல உலை நிக்குது.”

அன்று பதில் சொல்லாமல் வந்துவிட்டேன். இரண்டு நாள் கழித்து சமாதானம் பேசலாம் என்று போனில் அவர் நம்பரைத் தேடினேன். பெயரைத் தட்டினால் வரவில்லை. பிறகுதான் நினைவு வந்தது. ‘தவில் பண்ருட்டி’ என்று பதிந்து வைத்திருந்தேன். பதினொரு வருடம்.

பேசியதும் நடந்ததும் எல்லாம் இங்கே வேண்டாம். அதன்பிறகு வீடியோவில் தவில், தாளம், துணை நாயனம் எல்லாருடைய பெயரையும் அவரவர் வாயாலேயே சொல்கிறார்கள். பதிவுகளில் அவர் பெயரும் கலைஞராகச் சேர்ந்தது. பக்கத்தில் அவர் நம்பரும் இருக்கிறது. அதைப் பார்த்து ஒரு தனித் தவில் நிகழ்ச்சிக்கு அவரை மட்டும் நேராகக் கூப்பிட்டார்கள். எனக்கு ஒரு நாள் முழுக்க வயிறு எரிந்தது என்பதையும் எழுதிவிடுகிறேன். சினிமாப் பாட்டைப் பொறுத்தவரை, வரவேற்பில் மூன்று பாட்டு, முகூர்த்தத்தில் கிடையாது. இதை முன்பணம் வாங்குவதற்கு முன்பே எழுதி அனுப்பிவிடுகிறோம்.

விட்டுக்கொடுக்காத ஒன்று இருக்கிறது: உட்காரும் இடம். பல மண்டபங்களில் மேளத்துக்கு ஒதுக்குவது கை கழுவும் இடத்துக்குப் பக்கம், இல்லாவிட்டால் செருப்பு விடும் வாசல். ஒரு அடி உயர மேடை, ஜமக்காளம், மணமக்கள் எங்கள் கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்று கேட்கிறேன். பெருமைக்கு மட்டும் இல்லை. ஐயர் கை தூக்குவது தெரியாமல் கெட்டிமேளம் எப்படிக் கொட்டுவது? இதைக் கேட்டு, “ஊதுறதுக்கு மேடையா?” என்று வைத்துவிட்டவர்களும் உண்டு. வைக்கட்டும்.

2024-இல் ஒரு நாள் மேளம் 1-ஐப் போய்ப் பார்த்தேன். யார் என்று எனக்கு முன்பே தெரியும், இத்தனை வருடம் போக வெட்கம். பழைய ஊரான முதுநகரில் ஓட்டு வீடு. எழுபது வயதுக்கு மேல். மூச்சு முன்போல் இல்லை, வாசிப்பதை நிறுத்திவிட்டார். யூடியூப் பக்கம் அவர் போனதே இல்லை. எப்படி ஐயா எல்லாரும் உங்களையே முதலில் கூப்பிட்டார்கள் என்று கேட்டேன். டிரங்குப் பெட்டியிலிருந்து நோட்டுகளை எடுத்துக் காட்டினார். எண்பதுகளிலிருந்து வாசித்த ஒவ்வொரு கல்யாணமும் தேதியோடு இருந்தது. பெண் பெயர், பிள்ளை பெயர், எந்தத் தெரு, அந்த வீட்டுப் பாட்டி எந்தப் பாட்டைக் கேட்டு அழுதார், யார் காப்பியில் சர்க்கரை போடாதவர். அந்தப் பெண்ணின் வளைகாப்புக்கு, அவள் பிள்ளையின் காதுகுத்துக்கு இவரே போய் நிற்பார். போனதும் அம்மா கல்யாணத்தில் வாசித்த பாட்டை வாசிப்பார்.

“அவங்க என் பேரை ஞாபகம் வச்சுக்கணும்னு நான் நெனைச்சதில்லப்பா. நான் அவங்க பேரை மறந்துடக் கூடாதுன்னு எழுதினேன். எனக்கு மறதி ஜாஸ்தி.”

வரும் வழியில் ஒரு நானூறு பக்க நோட்டு வாங்கினேன். பழைய கல்யாணங்களில் நினைவுக்கு வந்தவற்றை எழுத உட்கார்ந்தால், 2017 மஞ்சக்குப்பம் கல்யாணத்தில் பெண்ணின் பெயரே எனக்குத் தெரியவில்லை. மாமனுடைய போன் திரைதான் நினைவில் இருந்தது.

போன தை மாதம் அதே மாமன் பேசினார். இரண்டாவது தங்கை மகளுக்குக் கல்யாணம். நோட்டை எடுத்துவைத்துக்கொண்டு, முதல் பெண்ணின் பெயர் என்ன, இப்போது எங்கே இருக்கிறாள், பாட்டி நலமா என்று வரிசையாகக் கேட்டேன். மனிதர் குழம்பிவிட்டார். முன்பணம் கொடுக்க நேரில் வந்தார். வெள்ளிக்கிழமை வீடியோவெல்லாம் வீட்டில் பெண்கள் பார்ப்பார்கள் என்றார். நம்பர் சரிதானா என்று பார்க்க என் முன்னாலேயே எனக்கு ஒரு முறை அடித்தார். எட்டிப் பார்த்தேன்.

மேளம் 2.

“பேரை மாத்திப் போட்டுக்கலாமே சார், இப்பதான் தெரியுமே.”

“தெரியும் தம்பி, தெரியாம என்ன” என்று போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். “இப்படி இருந்தாத்தான் எனக்குத் தேடினா டக்குன்னு கெடைக்குது.”